வெள்ளைக் கைக்குட்டையோடு பிரஷ் வாங்கப் போங்கள்

மேக்கப் பிரஷ் வாங்கக் கடைக்குப் போகும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்காக வெளியே வைத்திருக்கும் பிரஷை அதில் நான்கு முறை தேய்த்துப் பாருங்கள். கறுப்போ சிவப்போ ஒட்டினால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும், சாயம் உங்கள் முகத்தில்தானே இறங்கப்போகிறது?

திருநெல்வேலியில் 14 ஆண்டுகளாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். தொழில் தொடங்கியபோது 24 பிரஷ்கள் அடங்கிய செட் ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன். சுருட்டி நாடா கட்டும் உறையில் வரிசையாகச் செருகியிருந்ததைப் பார்த்ததும் பெரிய கலைஞர் ஆகிவிட்டதாகவே நினைப்பு. முதல் கல்யாணத்தில், விடியற்காலை நான்கரை மணி முகூர்த்தத்துக்குப் பெண்ணைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பவுடர் போட்டு முடித்துப் பார்த்தால் கன்னம் முழுவதும் கறுப்பு முடி உதிர்ந்து ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் நின்ற அத்தை, “என்னம்மா, எங்கள் பெண்ணுக்குத் தாடி முளைக்கிறதே!” என்றார். அறையே சிரித்தது. எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொரு முடியாக எடுத்துமுடிக்கக் கால்மணி நேரம் ஆனது.

அந்த 24 பிரஷ்களில் நான் உண்மையில் தொட்டவை ஆறுதான். ஆகவே செட்டாக வாங்க வேண்டாம், ஒவ்வொன்றாக வாங்குங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களிடம் சொல்வேன்.

கடையில் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. முடிக்கற்றையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். புதுப் பிரஷில் ஒன்றிரண்டு உதிர்வது இயல்பு, நாலைந்து கையோடு வந்தால் பசை சரியில்லை. முடியையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழலை நான் கழுத்து என்பேன். அந்தக் கழுத்தைப் பிடித்து ஆட்டினால் அசையவே கூடாது. பிறகு உள்ளங்கையில் அழுத்தி விடுங்கள். விரிந்த முடி உடனே பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். கடைசியாகக் கண்ணுக்குக் கீழே தடவிப் பாருங்கள். உள்ளங்கைத் தோல் தடித்தது, அதற்கு எல்லாமே மிருதுவாகத்தான் தோன்றும். கண்ணுக்குக் கீழே குத்தினால் அந்தப் பிரஷ் முகத்துக்கு ஆகாது.

இனி முடியின் வகை. இதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். விலங்கு முடியின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. அவை பவுடரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடும். முகத்துக்கு அடிப்பூச்சான ஃபவுண்டேஷன், கறையை மறைக்கும் கன்சீலர் போன்ற குழம்பு வகைகளுக்கு அதே முடி சரிப்படாது, பாதியை அதுவே குடித்துவிடும். செயற்கை இழை வழவழப்பானது, குடிக்காது. கழுவினால் சீக்கிரம் உலரும், விலையும் குறைவு. இப்போது வரும் செயற்கை இழைகளின் நுனியை மெலிதாக்கி, அலையலையாக நெளித்துத் தயாரிப்பதால் பவுடரையும் நன்றாகவே எடுக்கின்றன. வீட்டுப் பயன்பாட்டுக்கு முழுவதும் செயற்கையே போதும்.

ஆட்டு முடி என்று எழுதியிருப்பது நிஜமா என்ற சந்தேகம் வந்தால், வீட்டில் உதிர்ந்த ஒரு முடியைத் தீக்குச்சியில் காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து பொடியாக உதிர்ந்தால் விலங்கு முடி. உருகி மணிபோலத் திரண்டால் பிளாஸ்டிக்.

விலங்கு முடியில் உச்சம் என்றால் ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்தின் குமானோ என்ற ஊரைச் சொல்வார்கள். எழுதும் தூரிகைக்குப் பேர்போன ஊர் அது. அங்கே முடியின் நுனியைக் கத்தரிக்காமல், சிறு மர அச்சில் இட்டுத் தட்டியே வடிவம் கொண்டுவருகிறார்கள். வெட்டாத நுனிதான் அந்த மென்மைக்குக் காரணம். 2011இல் உலகக் கோப்பை வென்ற ஜப்பான் பெண்கள் கால்பந்து அணிக்கு அரசு கௌரவத்தோடு கொடுத்த பரிசு குமானோ மேக்கப் பிரஷ்கள். சென்னையில் ஒரு பயிற்சி வகுப்பில் அப்படி ஒரு பிரஷை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பூனைக்குட்டி உரசியதுபோல் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

ஓவியப் பொருள் கடைகளில் கீரி முடித் தூரிகை என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். கீரி நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் விலங்கு. அதே கடையில் கிடைக்கும் நைலான் தூரிகையை, குறிப்பாகத் தட்டையான சிறிய அளவுகளை, கண்மை கோடு இழுக்கத் தாராளமாக வாங்கலாம். நானே பல ஆண்டுகள் அதைத்தான் வைத்திருந்தேன். மேக்கப் பிரஷ் என்று பெயர் மாறியதும் விலை மூன்று மடங்காகிறது, முடி மாறுவதில்லை.

காயல்பட்டினத்தில் ஒரு மணப்பெண்ணின் பாட்டி, நான் பெட்டியைத் திறந்ததுமே, “இதில் பன்றி முடி இருக்கிறதா?” என்று கேட்டார். புருவம் சீவும் சில பிரஷ்களில் பன்றி முடி உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. என் பிரஷ் எதனால் ஆனது என்றே சொல்லத் தெரியாமல் நின்றேன். அன்று புருவத்தைப் பென்சிலாலேயே முடித்தேன். மறுவாரமே பெட்டி முழுவதையும் செயற்கைக்கு மாற்றினேன். சைவக் குடும்பத்துப் பெண்களுக்கும் அதன்பிறகு தயங்காமல் பதில் சொல்ல முடிகிறது.

சரி, எவ்வளவு பணத்துக்கு எதை வாங்குவது?

கையில் 500 ரூபாய்தான் இருக்கிறதென்றால் இரண்டே பிரஷ் வாங்குங்கள். ஒன்று, நடுத்தர அளவில் குவிந்த நுனியுள்ள பவுடர் பிரஷ். பவுடருக்கும், கன்னத்துக்கு நிறம் தரும் ப்ளஷுக்கும் அதுவே போதும். இடையில் துணியில் துடைத்துக்கொண்டால் சரி. 300 ரூபாய்வரை இதற்கே கொடுங்கள், முகத்தில் அதிக இடத்தைத் தொடுவது இதுதான். மற்றது, கண்ணிமையில் நிறத்தைப் பரப்பும் சிறிய, பஞ்சுபோன்ற பிரஷ். ஃபவுண்டேஷனுக்கு விரலே போதும். உடம்புச் சூட்டில் அது இளகித் தோலோடு நன்றாகச் சேரும், நான்கூடப் பல நாள் அப்படித்தான் செய்கிறேன். உதட்டுக்குப் பிரஷ் தேவையே இல்லை. புருவம் சீவ, தீர்ந்துபோன மஸ்காராவின் குச்சியைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்துக்கொள்ளலாம்.

2,000 ரூபாய் என்றால் மேலே சொன்ன இரண்டோடு, தலை தட்டையான அடர்ந்த ஃபவுண்டேஷன் பிரஷ், ப்ளஷுக்குச் சாய்வாக வெட்டிய ஒன்று, கன்சீலருக்குச் சிறியது, ஐஷேடோவை அழுத்தி வைக்கத் தட்டையானது, கோட்டுக்கும் புருவத்துக்கும் சாய்ந்த மெல்லியது என ஐந்தைச் சேர்க்கலாம். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

தொழிலுக்கு வருபவர்கள் விலை உயர்ந்த ஒரு செட்டைவிட, நடுத்தர விலையில் அதே பிரஷ்களை இரண்டு மூன்றாக வாங்குவது நல்லது. ஒரு முகூர்த்தத்தில் பெண், தங்கை, நாத்தனார் என்று நான்கு முகம் வரும். ஒருவர் கண்ணில் பட்டது இன்னொருவர் கண்ணுக்குப் போகக் கூடாது. மெட்ராஸ் ஐ பரவும் மாதங்களில் நான் கண் பிரஷை ஆளுக்கு ஒன்றாகவே வைத்திருப்பேன். கண் சிவந்திருந்தால் எவ்வளவு கெஞ்சினாலும் கண்ணுக்கு மை வைக்க மாட்டேன். பெயர் பெற்ற நிறுவனங்கள் தங்கள் பிரஷுக்கு இடும் எண்களைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். அந்த எண் ஒரு வடிவத்தின் பெயர்தான், அதே வடிவம் குறைந்த விலையிலும் கிடைக்கும்.

நம் நிறத்துக்கு ஒரு விஷயம். முடி நெருக்கமாக உள்ள பிரஷால் வெள்ளைப் பவுடரை அழுத்தினால் மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும், ஃபிளாஷ் அடித்த போட்டோவில் இன்னும் மோசம். பழி பவுடர்மேல் விழும், பாதிக் குற்றம் பிரஷுடையது. பவுடருக்கு முடி நெருக்கமில்லாமல், ஊதினால் அசையும் அளவுக்கு இருக்கட்டும்.

கை நடுக்கமோ மூட்டுவலியோ உள்ள அம்மாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் முடியைவிடக் கைப்பிடியைப் பாருங்கள். குட்டையாக, உருண்டு திரண்டு, உள்ளங்கையில் அடங்குவது வேண்டும். பருக்கள் உள்ளவர்களுக்குச் செயற்கை இழை தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன், வாரம் ஒருமுறை கழுவித்தான் ஆக வேண்டும்.

கழுவுவதில்தான் நல்ல பிரஷ்கள் சாகின்றன. குழந்தைகள் ஷாம்பூ ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, நுனியை மட்டும் சுழற்றுங்கள். கழுத்துக்குள் தண்ணீர் போனால் பசை இளகி முடி உதிரும். எங்கள் தெருவில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு, நுரையே வராது, உலர்ந்ததும் முடி விறைத்து நிற்கும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கும் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்வேன். நிமிர்த்தி வைத்துக் காயப்போடக் கூடாது. மேசை விளிம்பில் முடி வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைத்து மின்விசிறிக் காற்றில் விடுங்கள். வெயிலில் வைத்தால் மரப்பிடி வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் ஆகும். உள்ளே ஈரம் இருக்கும்போதே உறைக்குள் திணித்தால் பூஞ்சை வாடை ஏறிவிடும், அதற்குப் பிறகு எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது.

அந்த 650 ரூபாய் செட்டில் இப்போது ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது, கன்னத்தில் தாடி வைத்த அதே பிரஷ். தையல் மிஷினில் பாபின் பெட்டிக்குள் சேரும் பஞ்சை எடுக்க அதைப்போல் இன்னொன்று இல்லை. இன்னும் முடி உதிர்க்கிறது.