டர்போ ட்யூன் செய்த காருக்கு ஸ்பார்க் பிளக்

பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றழுத்தம்) ஏற்றி ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங் மாற்றம்) செய்தபின் பழைய பிளக்கையே விட்டுவைத்தால் அதன் முனை பழுத்துச் சிவந்து, ஸ்பார்க் வருமுன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். பிஸ்டன் ஓட்டையாகக் கூடும்.

முதலில் ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் தன் முனைச் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பது. கூடுதலாக 75–100 குதிரைத்திறனுக்கு ஒரு படி கூலான (சூட்டை வேகமாக வெளியேற்றும்) பிளக் என்பது பொதுக்கணக்கு. என்ஜிகே, டென்சோ பிராண்டுகளில் எண் கூடினால் கூல். பாஷில் தலைகீழ், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என்ஜிகே 6 இருந்த இடத்தில் 7 போடலாம். நேரே 9-க்குத் தாவினால் டவுன் ஓட்டத்தில் கரி படிந்து மிஸ்ஃபயர்தான். திரெட் (மரை) நீளம் பழையதோடு ஒத்திருக்கட்டும்.

அடுத்து கேப், அதாவது ஸ்பார்க் தாவும் இரு எலக்ட்ரோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. பூஸ்டில் அழுத்தம் கூடுவதால் அகல இடைவெளியை ஸ்பார்க் தாண்டாமல் அணையும். 0.8 மி.மீ. இருந்தால் 0.6–0.7 ஆக்குங்கள். இரிடியம் முனை மெல்லியது. நாணய வடிவ கேஜை நுழைத்தால் உடையும். கம்பி கேஜால் அளந்து, வெளி எலக்ட்ரோடை மட்டும் வளையுங்கள்.

இன்ஜின் ஆறியபின் மாட்டுங்கள். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக், அலுமினிய ஹெட் என்றால் 25–30 நியூட்டன் மீட்டர் டார்க்கில் (முறுக்குவிசை) இறுக்குங்கள். முலாம் பூசிய திரெட்டில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவும் பசை) வேண்டாம்; டார்க் எகிறிவிடும்.

கொஞ்ச நாள் ஓட்டியபின் கழற்றிப் பாருங்கள். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளைவெளேரென்று கொப்புளித்திருந்தால் சூடு அதிகம். அதன்மேல் மின்னும் அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால் பிளக்கை மாற்றிப் பயனில்லை. நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) நடக்கிறது, ட்யூனரிடம் போங்கள்.