காற்றோடு பூப்பந்து ஆடுவது எப்படி

பூப்பந்து என்றாலே பாதிப் பேர் இறகுப்பந்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது மஞ்சள் கம்பளிப் பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், 24 மீட்டர் நீளம் 12 மீட்டர் அகலக் களம், பெரும்பாலும் வெட்டவெளி. எங்கள் தெருப் பையன்கள் முதல் டோர்னமெண்டுக்குப் போகிறார்களாம், "எப்படி ஆடணும் அண்ணாச்சி" என்று கேட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பாருங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இந்தப் பந்தோ முப்பது கிராம்கூட வராது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தென்காசிப் பக்க மைதானங்களில் சுழற்றி அடிக்கும். களத்துக்குள் இறங்கியதும் ஒரு பிடி மண்ணை அள்ளி இடுப்பு உயரத்திலிருந்து உதிர்த்துப் பாருங்கள், எந்த மூலைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். காற்று முதுகில் அடிக்கிற பக்கம்தான் சுலபம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நாங்களும் அப்படித்தான் ஒருமுறை டாஸ் ஜெயித்து, குஷியாக அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, ஓங்கி ஓங்கி அடித்தோம். அடித்ததெல்லாம் பின்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. உண்மையில் எதிர்க்காற்றில்தான் முழு வீச்சில் அடிக்கலாம், பந்து களத்துக்குள்ளேயே அடங்கும், தூக்கி மட்டும் போடாதீர்கள், பாதியிலேயே நின்று எதிராளி அடிக்க வாகாக இறங்கும். காற்று முதுகில் இருந்தால் பாதி பலத்தோடு, வலையை ஒட்டித் தாழ்வாக, மட்டையைச் சாய்த்துக் கட் பண்ணி விடுங்கள். கம்பளி என்பதால் சுழற்சி நன்றாகப் பிடிக்கும்.

அடுத்தது சென்டர் ஆள். முன்னால் இருவர், பின்னால் இருவர், நடுவில் ஒருவர். பலமாக அடிக்கிறவனையே நடுவில் நிறுத்துவார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாய் உள்ளவனை நிறுத்துங்கள். முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்க்க முடியாது, அவன் தலைக்கு மேல் வருகிற பந்துக்கு "விடுலே" என்று ஒரு குரல் வந்தால் மட்டையை இறக்கிவிட வேண்டும். அந்தக் குரல் அரை நொடி தாமதித்தாலும் இரண்டு மட்டையும் மோதும், இல்லை என்றால் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், பந்து நடுவில் பொத்தென்று விழும். பயிற்சியில் பேசாமல் ஆடிவிட்டு மேட்சில் மட்டும் கத்த வராது.

சர்வீஸ் இடுப்புக்குக் கீழேதான், ஓங்கிப் போட முடியாது. அதனால் வேகத்தை நம்பாமல் இடம் பார்த்துப் போடுங்கள்.

உடம்பைப் பற்றிச் சொன்னால், தோள் வலிக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள், முதலில் போவது தொடைதான். பந்து தரையில் படுவதற்குள் எடுக்க வேண்டுமே, ஆட்டம் முழுக்க முழங்காலை மடக்கியே நிற்க வேண்டியிருக்கும். ஒரு ஆட்டம் 35 புள்ளி, மூன்றில் இரண்டு ஜெயிக்கணும், உள்ளூர் டோர்னமெண்ட் என்றால் ஒரே நாளில் மூன்று மேட்ச்கூட வந்துவிடும். தினமும் பக்கக்கோட்டுக்குப் பக்கக்கோடு குனிந்து தொட்டுத் தொட்டு ஓடுங்கள், பத்து தடவை, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பத்து. அப்புறம் ஸ்கிப்பிங். முந்தின ராத்திரி பரோட்டா வேண்டாம், மேட்சுக்கு நடுவில் உப்புப் போட்ட மோர் போதும்.

பழைய பந்தில் மட்டும் பழகிவிட்டுப் போகாதீர்கள். அடிபட்டு நூல் பிசிறெழுந்த பந்து மெதுவாக வரும், அங்கே புதுப் பந்தை எடுத்துப் போடுவார்கள், முதல் ஐந்து புள்ளி எங்கே போனதென்றே தெரியாது.