ஸ்டேடியத்துக்குப் போகிற கணக்கு சரி, திரும்பி வருகிற கணக்கு?

கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்தில் பெரிய கால்பந்து ஆட்டம் இருந்தால், இரவு பதினொன்றரைக்கு எல்ஆர்டி ரயில் நிலையத்தின் கீழே ஒரு காட்சி தவறாமல் நடக்கும். மஞ்சள் ஜெர்சி போட்ட அப்பா, தோளில் தூங்கிப்போன பிள்ளை, கையில் சார்ஜ் சாகப்போகும் போன். திரையில் கிராப் வாடகைக் காரின் விலை. "இன்னும் ஏறுதுலா, கொஞ்சம் இரு" என்பார் அவர். பக்கத்தில் மனைவி முறைத்துக்கொண்டு நிற்பார்.

டிக்கெட்டில் பத்து வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடிக்க மேல் அடுக்கில் உட்கார்ந்த குடும்பம்தான் அது. சீக்கிரம் கிளம்புங்கள், ரெயின்கோட் எடுத்துப் போங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம். தெரிந்தும் திரும்பத் திரும்பக் காசு போகிற இடங்கள் சில இருக்கின்றன, அவற்றைப் பார்ப்போம்.

திரும்பும் வழியை விசில் அடித்த பிறகு யோசிப்பது

பந்து பார்க்கப் போகிறவர்கள் செய்வதில் எரிச்சலூட்டும் தவறு இதுதான். போகிற வழிக்கு வாட்ஸ்அப் குழுவில் நாற்பது மெசேஜ் ஓடும். திரும்புவதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கமாட்டார். கேட்டால், "பத்தரைக்கே முடிஞ்சிரும்லா, டிரெய்ன் இருக்கும்" என்பார்கள்.

பத்தரைக்கு முடியாது. 9 மணி ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி 45, இடைவேளை 15, இரண்டாம் பாதி 45. காயத்துக்கும் மாற்று ஆட்டக்காரர்களுக்கும் சேர்க்கிற நிமிடங்கள் இரண்டு பாதியிலும் சேர்ந்து எட்டு, பத்து. கடைசி விசில் அடிக்கும்போது மணி 10.55. மேல் அடுக்கிலிருந்து இறங்கி, வாசல் தாண்டி, நிலையத்து வரிசையின் வாலைப் பிடிக்க இன்னும் 20 நிமிடம். அதன் பிறகுதான் உண்மையான காத்திருப்பு ஆரம்பம்.

இந்த வரிசை ஏன் நகரவே மாட்டேன் என்கிறது? அரங்கம் 80,000 பேருக்கு மேல் கொள்ளும். ஆறு பெட்டி ரயிலில் நெருக்கியடித்தால் ஆயிரம் பேர் சொச்சம் ஏறலாம். நான்கு நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 15 ரயில், ஒரு திசையில் 15,000 பேர். பாதி அரங்கம்தான் நிறைந்தது, அதிலும் பாதிப் பேர்தான் ரயிலுக்கு வந்தார்கள் என்றாலும், கடைசியில் நிற்பவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பிளாட்பாரம் நிரம்பினால் ஆபத்து என்பதால் ஊழியர்கள் கூட்டத்தைக் கீழேயே நிறுத்தி, பகுதி பகுதியாகத்தான் மேலே விடுவார்கள். அவர்களிடம் சத்தம் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

"ஆட்ட நாளில் ரயில் நேரத்தை நீட்டிப்பார்களே" என்பார்கள். பெரிய ஆட்டங்களுக்கு நீட்டிப்பது உண்மைதான். ஆனால் அந்த அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். எந்த வழித்தடம், எந்த நிலையம் வரை, மாறி ஏறும் இடத்தில் அடுத்த ரயில் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். கேடிஎம் கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் வேறு நிறுவனத்தின் சேவை, எல்ஆர்டி நீண்டதால் அது காத்திருக்காது. கிள்ளான்காரரும் ரவாங்காரரும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். எல்ஆர்டியில் நகரத்துக்கு வந்துவிடுவார்கள், கொம்யூட்டர் போயிருக்கும். பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கி கொம்யூட்டர் பிடிக்க நினைக்கும் காஜாங்காரருக்கும் இதே கதி.

கோப்பை ஆட்டம் என்றால் இன்னும் மோசம். 2018 மலேசியக் கோப்பை இறுதியாட்டம் ஷா ஆலமில் 3-3 என்று இழுத்து, கூடுதல் நேரமும் போய், பெனால்டியில்தான் பேராக் திரங்கானுவை வென்றது. கூடுதல் நேரம் 30 நிமிடம், நடுவே சிறு இடைவெளி, பெனால்டிக்கு ஒரு கால் மணி: 10.55 என்று போட்ட கணக்கு 11.45 ஆகிவிடும். நாக்அவுட் ஆட்டத்துக்கு இந்த நேரத்தை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். சமனில் முடியக்கூடிய லீக் ஆட்டத்துக்கு இந்தப் பயம் வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடைசிக் கட்டப் பயணம் உங்கள் சொந்த வண்டியில் இருக்கட்டும். கிள்ளான், ஷா ஆலம் பக்கத்து ஆட்கள் காரைப் புத்ரா ஹைட்ஸில் போட்டுவிட்டு ஸ்ரீ பெட்டாலிங் வழித்தடத்தில் நேராக புக்கிட் ஜாலிலுக்கு வரலாம், எங்கும் மாறி ஏறத் தேவையில்லை. திரும்பும்போது கூட்டத்தில் பெரும்பகுதி நகரத்துப் பக்கம் முட்டும், நீங்கள் எதிர்ப்பக்கம் போவீர்கள். நிறுத்துமிடம் இரவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று மட்டும் உள்ளே நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். புத்ராஜெயா எம்ஆர்டி வழித்தடத்து ஆட்கள் சுங்கை பீசியில் மாறி ஏறினால் போதும், புக்கிட் ஜாலிலுக்கு முந்தைய நிலையம் அது. 2023 மார்ச்சிலிருந்து அங்கே எம்ஆர்டியும் எல்ஆர்டியும் சந்திக்கின்றன.

ரயிலுக்கும் டோலுக்கும் தட்டுகிற டச் அன் கோ அட்டையில் திரும்பும் காசையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஆட்டம் முடிந்து டோக்கன் இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் நிற்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும், பத்து நிமிடத்தில் இரண்டு ரயில் போய்விடும். மை50 பாஸ் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. மாதம் 50 வெள்ளி, எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். கொம்யூட்டருக்குச் செல்லாது.

கிராப்தான் கதி என்றால் விசில் அடித்த முதல் அரை மணியில் ஆர்டர் போடாதீர்கள். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து கேட்கும்போது விலை ஏறும். நெரிசலில் வண்டி உள்ளே வரவும் முடியாது, ஓட்டுநரே ரத்து செய்துவிடுவார். ஒரு பதினைந்து, இருபது நிமிடம் நடந்து வெளியே வாருங்கள். மாமாக் கடையில் உட்கார்ந்து நாலு தே தாரிக் சொல்லுங்கள். விலை இறங்கும்போது மிச்சமாகிற காசில் அந்தத் தே தாரிக்குக்கும் ரொட்டி சானாய்க்கும் கட்டிவிடலாம்.

காரைச் சாலையோரத்தில் செருகுவது

சம்மன் வரும். அதோடு, முன்னும் பின்னும் செருகியவர்கள் கிளம்பும்வரை நீங்களும் கிளம்ப முடியாது.

உலாட்டிடம் டிக்கெட் வாங்குவது

கள்ள விலைக்கு டிக்கெட் விற்பவரை மலாயில் உலாட் என்பார்கள், புழு என்று பொருள். முன்பெல்லாம் காகித டிக்கெட்டை விரலால் தடவிப் பார்த்தாவது சந்தேகப்படலாம். இப்போது கியூஆர். அதன் ஸ்கிரீன்ஷாட்டை ஒரே ஆள் பத்துப் பேருக்கு அனுப்ப முடியும். வாசலில் இருக்கும் கருவி முதலில் வருகிற கியூஆரை ஏற்றுக்கொண்டு, அடுத்து வருகிற அதே கியூஆரை "பயன்படுத்தப்பட்டது" என்று தள்ளிவிடும். ஒன்பது பேர் வெளியே நிற்பார்கள், ஒன்பது பேருடைய கியூஆரும் பார்வைக்கு அசல்தான்! 2025 மே மாதம் ஆசியான் ஆல்-ஸ்டார்ஸோடு மான்செஸ்டர் யுனைடெட் மோதியதைப் போன்ற ஆட்டங்களுக்குத்தான் இந்த வியாபாரம் கொழுக்கும். வேறு வழியில்லாமல் இன்னொருவரிடம் வாங்கினால், விற்பனைத் தளத்திலேயே டிக்கெட்டை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற முடியாத டிக்கெட் என்றால் விற்பவரும் உங்களோடு வாசல் வரை வரட்டும், ஸ்கேன் ஆனதும் காசு கொடுங்கள். அதற்கு அவர் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

ஸ்டேடியம் மாறிப் போவது

சிரிக்காதீர்கள், பினாங்கில் இது நடக்கிறது. ஜார்ஜ் டவுனில் சிட்டி ஸ்டேடியம், பெருநிலத்தில் பத்து காவான் ஸ்டேடியம். தீவிலிருந்து பத்து காவானுக்குப் போக இரண்டாம் பாலம் மட்டுமே 24 கிலோமீட்டர். பெருநிலத்துக்குப் போகும்போது டோல் இல்லை, அதனால் அட்டையில் காசு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தீவுக்குத் திரும்பும்போது காருக்கு 7 வெள்ளி. இரவு பதினொன்றுக்கு டோலில் அட்டை சிவப்பு காட்ட, பின்னால் ஹாரன் அடிக்க, வண்டிக்குள் எல்லாரும் சில்லறை தேடுவது பத்து காவான் ஆட்டத்தின் மூன்றாவது பாதி. மோட்டாரில் போகிறவருக்கு 2019 முதல் இரண்டு பாலத்திலும் டோல் கிடையாது.

சிலாங்கூர் ஆட்டத்துக்குப் பழைய ஞாபகத்தில் ஷா ஆலமுக்கு வண்டியைத் திருப்பாதீர்கள். அந்த ஸ்டேடியத்தை இடித்தாயிற்று.

சீசன் பாஸ் கட்டுப்படியாகும் என்று கண்ணை மூடி நம்புவது

பாஸ் விலையை ஒற்றை டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்குப் பாஸ் 150, டிக்கெட் 20 என்றால் ஏழரை, அதாவது எட்டாவது ஆட்டத்தில்தான் லாபம். 13 அணி லீக்கில் சொந்த மைதானத்தில் 12 ஆட்டம். வேலைநாள் இரவு, தீபாவளி, பிள்ளையின் பரீட்சை, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் கழித்து எட்டு தேறுமா? தேறாது என்றால் அவ்வப்போது வாங்குங்கள். கோப்பை ஆட்டங்கள் பாஸில் சேருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பல சமயம் சேராது.

சாப்பாடு

வெளியே சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.

வெளியூர் ஆட்டத்துக்கு ஆள் சேராமலே வண்டி எடுப்பது

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போய்வர சுமார் 700 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார் 58 லிட்டர் குடிக்கும், பூடி95 என்கிற மானியப் பெட்ரோல் விலை 1.99இல் 116 வெள்ளி. நெடுஞ்சாலை டோல் ஒரு வழிக்குச் சுமார் 35, இருவழிக்கு 70. மொத்தம் 186. நான்கு பேர் என்றால் தலைக்கு 46.50. முதல் நாள் ராத்திரி ஒருவர் "சாரி மச்சான், வேலை வந்துடுச்சு" என்று கழன்றால் 62. அதனால் காசை முன்கூட்டியே வசூலித்துவிடுங்கள். வராதவருக்குத் திருப்பித் தருவதில்லை என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நட்பு கெடாது, பிறகு கேட்கும்போதுதான் கெடும்.

ஆட்ட நேரம் உறுதியாகுமுன் ஹோட்டல் போடுவதும் இதே வகைச் செலவு. தேதி நகர்ந்தால் கிளப் உங்கள் அறைக்குக் காசு தராது. விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை எடுங்கள். அறையே வேண்டாம், அன்றிரவே திரும்புகிறோம் என்கிற கூட்டத்தில் இரண்டு பேராவது ஓட்டத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். ஈப்போ தாண்டும்போது மணி ஒன்றாகியிருக்கும், பின் சீட்டில் எல்லாரும் தூங்கியிருப்பார்கள். தாப்பா ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் ஸ்டியரிங்கைக் கை மாற்றிவிடுங்கள்.