கியூஇமுவில் ஒரு பொய் சென்சார்: மெமரி மேப்பிங் படிப்படியாக

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்கிற மாமாவுக்கு போர்வெல் மோட்டார் கன்ட்ரோலர் ஒண்ணு செய்யறேன். கோயம்புத்தூர்ல இருந்து போர்டு வரலை, பர்ம்வேர் (போர்டுக்குள்ள ஓடற புரோகிராம்) ரெடி. அதனால கியூஇமுவோட (நிஜ போர்டு இல்லாம கம்ப்யூட்டருக்குள்ளேயே போலி போர்டு ஓட்டற மென்பொருள்) ரிஸ்க்-ஃபைவ் பிராசஸர் வகை ‘விர்ட்’ மெஷின்ல நீர்மட்ட சென்சார் ஒண்ணைப் பொய்யா உட்கார வச்சேன்.

சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ணத் தெரியும்னு வச்சுக்கறேன். பங்ஷன் பேரையெல்லாம் இங்க தமிழ் எழுத்துல தர்றேன். எண் முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ்.

1. சின்ன சிஸ்பஸ் (நிலையான முகவரியில உட்கார்ற கியூஇமு டிவைஸ் வகை) டிவைஸ் பைல் ஒண்ணை நகலெடுத்து, ஸ்டேட் ஸ்ட்ரக்ட்ல ஒரு மெமரிரீஜியன் (டிவைஸுக்கான முகவரித் துண்டு) சேருங்க.

2. இனிட்ல மெமரி_ரீஜியன்_இனிட்_ஐஓ, அளவு 1000 (அதாவது 4096 பைட்). அடுத்து சிஸ்பஸ்_இனிட்_எம்எம்ஐஓ. இதோட டிவைஸுக்கு முகவரி கிடைச்சிடாது. வீடு கட்டியாச்சு, பஞ்சாயத்துல இன்னும் வீட்டு நம்பர் போடலை, அவ்வளவுதான்.

3. நம்பர் போடறது போர்டு பைல் (விர்ட் மெஷினோட சோர்ஸ்). விர்ட் மெமரி மேப் அட்டவணையில 10200000-ல ஒரு வரி சேர்த்து, ரியலைஸ் ஆனதும் சிஸ்பஸ்_எம்எம்ஐஓ_மேப் கூப்பிடுங்க. யுஆர்ட் (சீரியல் போர்ட்) 10000000-ல, ரேம் 80000000-ல. அதுக மேல ஏறிடாதீங்க.

4. இனி ரீட் பங்ஷன். பெரும்பாலானவங்க மாட்டற இடம் இதுதான். பர்ம்வேர் 10200004-ஐப் படிச்சா, உங்க ரீட்-க்கு வர்ற முகவரி வெறும் 4. ரீஜியனோட தொடக்கத்துல இருந்து எவ்வளவு தள்ளிங்கறது மட்டும்தான் வரும். ஸ்விட்ச்ல முழு முகவரியை எழுதி வச்சா எந்த கேஸும் பொருந்தாது. டிபால்ட் பூஜ்யத்தைத் திருப்பிட்டே இருக்கும். கிணறு வத்திப்போச்சுன்னு நினைச்சு பர்ம்வேர் மோட்டாரை நிறுத்திடும். பிழைச்செய்தியும் வராது. அதனால டிபால்ட்ல கெஸ்ட் எரர் (உள்ளே ஓடற பர்ம்வேரோட தப்பு) லாக் ஒரு வரி கட்டாயம் போடுங்க.

இந்த ரீட் பங்ஷனைக் குறிக்கற ஆப்ஸ் ஸ்ட்ரக்ட்ல வேலிட் (ஒரு தடவை படிக்க அனுமதிக்கற அளவு) குறைந்தபட்சமும் அதிகபட்சமும் 4 பைட்னு வைங்க. எண்டியன்னஸ் (பைட் வரிசை) லிட்டில், நேட்டிவ் எனக்குப் பிடிக்காது, எந்த டார்கெட்டுக்கு பில்ட் பண்றோமோ அதைப் பொறுத்து மாறும்.

5. கியூஇமுவோட கட்டளைத் திரையான மானிட்டருக்குப் போங்க (நோகிராபிக்ல, அதாவது ஜன்னல் இல்லாம டெர்மினல்ல ஓட்டும்போது, கன்ட்ரோல்-ஏ, பிறகு சி). ‘இன்ஃபோ எம்ட்ரீ’ அடிச்சா 10200000-ல தொடங்கற வரியில உங்க ரீஜியன் பேர் தெரியணும். பிரிண்ட்எஃப் தூவறதைவிட இந்த ஒரு கட்டளை மேல். பேர் இல்லைன்னா மூணாவது படி விட்டுப்போச்சு. இருந்தா ‘எக்ஸ்பி’ கட்டளையால மதிப்பைப் படிச்சுப் பாருங்க. படிச்சதும் அழியற ரெஜிஸ்டரா இருந்தா இந்தப் படிப்பும் அதை அழிச்சிடும், ஜாக்கிரதை.

பிற்சேர்க்கை: ரீட் பண்ணினதும் ட்ராப் ஆகி (பிராசஸர் பிழைன்னு இடைநிறுத்தி), காரண எண் 5 (படிக்க மறுப்பு) வருதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். அவரோட பர்ம்வேர் பைட் பாயிண்டரால படிக்குது. வேலிட் 4-னு வச்சதால கியூஇமு மறுத்திடுது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தாதீங்க, பர்ம்வேரை 32 பிட்டா படிக்க வைங்க.

இன்னொருத்தருக்கு லினக்ஸ்ல டிவைஸே தெரியலை. லினக்ஸ் டிவைஸ் ட்ரீயைத்தான் (எந்த டிவைஸ் எங்கேன்னு சொல்ற பட்டியல்) பார்க்கும். போர்டு பைல்ல எஃப்டிடி (அந்த ட்ரீ) நோடு சேர்த்து, ரெக்-ல நாலு எண் (முகவரிக்கு ரெண்டு, அளவுக்கு ரெண்டு) கொடுங்க: 0, 10200000, 0, 1000. கம்பேட்டிபிள் (டிவைஸோட அடையாளப் பேர்) எழுத்து டிரைவர்ல இருக்கறதோட அச்சு அசலா பொருந்தணும். ‘டம்ப்டிடிபி’யால ட்ரீயை வெளியே எடுத்து, டிடிசியில (டிவைஸ் ட்ரீ கம்பைலர்) திருப்பிப் படிச்சா விட்டுப்போனது கண்ல படும்.