நிணநீர் நாளங்கள்: ஊரெல்லாம் செய்யும் சில தவறுகள்

"நிணநீரைச் சுத்தம் செய்து நச்சை வெளியேற்றுகிறோம்" என்று ஒரு பானத்தையோ கருவியையோ யாராவது நீட்டினால், நச்சு எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்டுப் பாருங்கள். நிணநீர் நாளங்கள் எதையும் உடம்புக்கு வெளியே தள்ளுவதில்லை. ரத்த நுண்குழாய்களிலிருந்து கசிந்து திசுவில் சேரும் நீரையும் புரதத்தையும் (நாளத்துக்குள் வந்ததும் இதற்குப் பெயர்தான் நிணநீர்) அள்ளிக்கொண்டு போய், கழுத்தின் அடியில் உள்ள பெரிய சிரைகளில், அதாவது திரும்பவும் ரத்தத்திலேயே, சேர்க்கின்றன. கழிவைப் பார்த்துக்கொள்ள கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

நாம் அசைந்தால்தான் நிணநீர் ஓடும் என்பது பாதிதான் சரி. நடப்பதும் ஆழ்ந்து மூச்சு விடுவதும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் சற்றுப் பெரிய நாளங்களின் சுவரிலேயே தசை இருக்கிறது. இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட துண்டு ஒவ்வொன்றும் தானாகச் சுருங்கி அடுத்த துண்டுக்கு நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், நாம் தூங்கும்போதுகூட.

எனக்கு எரிச்சல் வருவது நிணநீர் தேங்கி வீங்கிய இடத்தை அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்தால்தான். தோலுக்கு அடியில் இந்த நாளங்கள் நுனி மூடிய மெல்லிய குழாய்களாகத் தொடங்குகின்றன. அவற்றின் சுவர்ச் செல்களின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறி, உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவு போல நிற்கும்; வெளியே நீர் கூடித் திசு உப்பினால், செல்களைப் பிடித்திருக்கும் நுண்ணிய இழைகள் இழுபட்டு அந்த இடைவெளி திறக்கும், உள்ளே நிறைந்ததும் மூடிக்கொள்ளும். இதற்குத் தோலை லேசாக இழுத்து நகர்த்தினாலே போதும். அதனால்தான் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் செய்வதைப் பார்த்தால் 'இதெல்லாம் ஒரு மசாஜா' என்று தோன்றும். அதோடு, அவர்கள் வீங்கிய இடத்தில் ஆரம்பிப்பதும் இல்லை, உடம்பின் நடுப்பகுதியில் முதலில் வழி பண்ணிவிட்டு அப்புறம்தான் கை காலுக்கு வருவார்கள்.

நீர் மாத்திரையை நாமாக வாங்கிப் போடுவது இன்னொன்று. நிணநீர் வீக்கத்தில் தேங்குவது வெறும் நீர் இல்லை, புரதமும்தான். மாத்திரை நீரைக் குறைத்தாலும் புரதம் அங்கேயே கிடக்கும், அது மறுபடி நீரை இழுக்கும். இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் காரணம் இதயத்திலோ சிறுநீரகத்திலோகூட இருக்கலாம், முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெறி கட்டினால் அதைப் பிசையாதீர்கள். அனேகமாகப் பக்கத்தில் எங்கோ உள்ள தொற்றோடு, நாளங்களின் வழியில் முடிச்சு போல இருக்கும் அந்த நிணநீர்க் கணு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் குறையாமல், வலியும் இல்லாமல், கல் மாதிரி இருந்தால் காட்டிவிடுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை எடுத்தவர்கள் நிணநீர் தேங்கிக் கை வீங்கிவிடுமோ என்று அந்தக் கையை அசைக்கவே பயப்படுவதும் தேவையில்லாதது. மருத்துவர் சொன்னபடி படிப்படியாக உடற்பயிற்சி செய்யலாம். தோலில் வெட்டுக்காயம், தீக்காயம் படாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம், ஏனென்றால் நிணநீர் தேங்கிய இடத்தில் தொற்று சுலபமாகப் பரவும். திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மசாஜை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படும்.