மூங்கில் கோழி: கெடுவது மூங்கில் வெட்டும் இடத்திலேயே

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், தலைநகர் கூச்சிங்குக்குத் தெற்கே, படவான், செரியான் பக்கத்துப் பிடாயு பழங்குடிக் கிராமங்களில் மூங்கிலே பாலம், மூங்கிலே தரை, மூங்கிலே தண்ணீர்க் குழாய். விருந்து நாளில் சட்டியும் அதுதான். ஜூன் 1-ம் தேதி கவாய் என்னும் அறுவடைத் திருநாளுக்குக் கோழி அதில்தான் வேகும். சரவாக்கின் இன்னொரு பழங்குடியான இபான் மக்கள் இதை மானோக் பான்சோ என்பார்கள். புதிதாகச் செய்து பார்ப்பவர்கள் மசாலாவை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது மூங்கிலைப் பற்றி.

முற்றிக் காய்ந்த மூங்கிலை எடுத்தால் தணல் பட்டதும் வெடிப்பு விடும், சாறெல்லாம் நெருப்பில் போகும். மிக இளசாக இருந்தால் சுவர் துவண்டுவிடும். பச்சை மாறாத, தட்டினால் கணீரென்று ஒலிக்கிற, சுவர் மெலிந்த மூங்கில்தான் வேண்டும். வெட்டிய அன்றே சமைத்துவிடுங்கள். கிடக்கக் கிடக்க ஈரம் வற்றும், அந்த ஈரம்தான் மூங்கிலைத் தீயிலிருந்து காக்கிறது. ஊசித் துளை அளவுக்குப் பூச்சி அரித்திருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். வெளிப்புறச் சுணையை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் கை அரிக்கும். உள்ளே சோப்புப் போட வேண்டாம், வெறும் தண்ணீரில் அலசினால் போதும்.

புட்டுக்குழல் பழக்கத்தில் அடிக்கணுவைத் துளைத்துவிடாதீர்கள். இங்கே அடிக்கணுதான் பாத்திரத்தின் அடி. மேல்கணுவை மட்டும் வெட்டித் திறக்க வேண்டும். இரண்டு பக்கமும் மூடிய மூங்கிலை நெருப்பில் வைத்தால் ஆவி போக வழியின்றி வெடிக்கும்.

ஒரு கிலோ கோழியை எலும்போடு சின்னத் துண்டுகளாக வெட்டி, நசுக்கிய இஞ்சி, சின்ன வெங்காயம், 3 அல்லது 4 தண்டு செராய் (எலுமிச்சைப் புல்), உப்பு சேர்த்துப் பிசறுங்கள். எண்ணெய் வேண்டாம். தண்ணீர் ஒரு தம்ளருக்கு மேல் போனால் ருசி நீர்த்துப்போகும், கோழியே சாறு விடும். விளிம்பு வரை திணித்தால் கொதித்து வழியும், அதனால் மேலே ஒரு சாண் விட்டு, மரவள்ளி இலையைச் சுருட்டி அடையுங்கள். கொழுந்தாகப் பார்த்துப் பறித்து, கையால் நன்றாகக் கசக்கியே வைக்க வேண்டும். முற்றிய இலை கசக்கும். மரவள்ளி இலையில் சயனைடு தரும் பொருள் உண்டு. அரைவேக்காட்டு இலையைச் சாப்பிடக் கூடாது.

கொழுந்துவிட்டு எரியும் தீ அடுத்த தவறு. வெளியே கரியாகும், எலும்போரம் ரத்தச் சிவப்பாகவே இருக்கும். குறுக்குக் கம்பில் சாய்த்து வைத்து, தணலில் சில நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிக் கொடுங்கள். பச்சை பழுப்பாகி, வாயிலுள்ள இலை வழியே ஆவியோடு செராய் வாசம் வந்த பிறகும் அவசரப்பட வேண்டாம். சுமார் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். மூங்கிலைப் பிளந்தால் சாறு தரைக்குப் போய்விடும். சாய்த்து, முதலில் சாற்றைக் கிண்ணத்தில் வடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சாறு இல்லாவிட்டால் இந்தச் சமையலுக்கே பொருளில்லை.

விருந்தாளி செய்யும் தவறு ஒன்றும் உண்டு. நீட்டிய உணவையோ துவாக் என்னும் அரிசி மதுவையோ கையசைத்து மறுப்பது. உணவைத் தொடாமல் போனால் வழியில் தீங்கு நேரும் என்ற கெம்புனான் நம்பிக்கை சரவாக்கில் இன்றும் இருக்கிறது. குடிக்காதவர் கோப்பை விளிம்பையோ தட்டையோ விரல் நுனியால் தொட்டு, நன்றி சொல்லித் திருப்பித் தந்தால் போதும். வீட்டார் வற்புறுத்த மாட்டார்கள்.