லீடுக்கு எது, ரிதத்துக்கு எது? கிட்டார் பிக்கப்பைக் காது ஏமாறாமல் ஒப்பிடும் முறை

மேலூர் பக்கம் ஒரு பங்குனிப் பொங்கல் மேடை. நான் ரிதம் கிட்டார், அதாவது பாடகருக்குப் பின்னணியாக வாசிப்பவன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்புவதுதான் பிக்கப். முந்தின வாரம்தான் பிரிட்ஜ் (கிட்டார் உடம்பில் கம்பிகள் ஊன்றி நிற்கும் இடம்) பக்கத்துப் பிக்கப்பைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டிருந்தேன். வீட்டில் வாசித்தபோது பழையதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. மேடையில் முதல் பாட்டின் சரணத்திலேயே பாடகர் என் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். வால்யூமைக் குறைத்தேன். குறைத்ததும் கிட்டார் இருக்கிற இடமே தெரியவில்லை. பிறகு ஒரு நாள் பழைய பிக்கப்பை மாட்டிச் சரியான உயரத்தில் நிறுத்திப் பார்த்தபோதுதான் விளங்கியது: புதுசு அதிகச் சத்தம் போட்டது, அவ்வளவுதான். சத்தம் கூடினாலே காதுக்கு எல்லாம் இனிக்கும்.

அந்தத் தப்பு உங்களுக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தேவையானவை: கிட்டார், ஆம்ப், போன், சின்னத் திருப்புளி, சிம் கார்டை உடைத்தெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் அட்டை மூன்று. பழைய ஏடிஎம் கார்டு வேண்டாம். அதன் கறுப்புப் பட்டைக்குக் காந்தம் ஆகாது.

உள்ளே என்ன இருக்கிறது

காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவுச் செம்புக்கம்பி. இந்தச் சுற்றுதான் காயில். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரில் வரும் சிங்கிள் காயிலில், அதாவது ஒரே காயில் உள்ள பிக்கப்பில், ஏழெட்டாயிரம் சுற்று இருக்கும். மேலே இரும்புக்கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. அதே காயில் டியூப்லைட் சோக்கையும் சீரியல் செட்டையும் சேர்த்தே பிடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயிலில் கேட்கும் "ம்ம்ம்" அதன் வாரிசுதான். இதைத் தீர்க்கத்தான் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955-இல் இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி, காந்தத் துருவத்தையும் மாற்றி ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப்பைச் செய்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் கூடும்.

இன்னொன்று, இடம். அக்கூஸ்டிக் கிட்டாரில் பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் கூர்மை, நடுப்பக்கம் மீட்டினால் குழைவு. பிக்கப்பும் அப்படித்தான். பிரிட்ஜ் அருகே கம்பி கொஞ்சம்தான் ஆடும், அதனால் கூரான ஒலி. நெக் (கிட்டாரின் கழுத்து) அருகே நன்றாக ஆடும், அதனால் தடித்த ஒலி. கிப்சனின் லெஸ் பால் கிட்டாரில், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சைச் சுற்றி நெக் பக்கம் ரிதம், பிரிட்ஜ் பக்கம் ட்ரெபிள் (கூரான ஒலி) என்றே அச்சடித்திருப்பார்கள். அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பாட்டுக்கு எது பொருந்துகிறது என்பதைக் கீழே உள்ள சோதனை சொல்லும்.

படி 1: எது ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆம்பைக் குறைந்த சத்தத்தில் வைத்து, திருப்புளி நுனியால் ஒவ்வொரு பிக்கப்பின் தலையையும் மெல்லத் தட்டுங்கள். "டக்" என்று எது பலமாகக் கேட்கிறதோ அதுதான் ஓடுகிறது. சுவிட்சின் ஒவ்வொரு நிலைக்கும் குறித்து வையுங்கள். ஸ்ட்ராட் வகையில் ஐந்து நிலை இருக்கும். ஆரம்பத்தில் மூன்றுதான், இரண்டு நிலைக்கு நடுவில் சுவிட்சைச் சிக்கவைத்தே பலர் வாசித்தார்கள். 1977-இல் கம்பெனியே ஐந்தாக்கிவிட்டது.

படி 2: உயரம்

இதில் அவசரப்படாதீர்கள். முக்கால்வாசிப் பேர் பிக்கப் மாற்றுவது, பிக்கப்பை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூவைத் தொடாததால்தான்.

தடித்த ஈ (E) கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அழுத்திப் பிடியுங்கள். பிக்கப்பின் தலைக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் சிம் அட்டையைச் சொருகுங்கள். ஓர் அட்டை முக்கால் மில்லிமீட்டர் தடிமன். சிங்கிள் காயில் என்றால் தடித்த கம்பிப் பக்கம் மூன்று அட்டை, மெல்லிய கம்பிப் பக்கம் இரண்டு. ஹம்பக்கர் என்றால் பிரிட்ஜுக்கு இரண்டு, நெக்குக்கு மூன்று. கம்பியைத் தூக்காமல், லேசாக உரசிக்கொண்டு அட்டை போக வேண்டும். ஸ்க்ரூவை அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்புங்கள். காந்தம் ரொம்பக் கிட்டே வந்தால் கம்பியை இழுக்கும்; தடித்த கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் சுருதி அலைபாய்ந்தால் அதுதான் காரணம். இறக்குங்கள், தெளிந்துவிடும்.

படி 3: சத்தத்தைச் சமமாக்குங்கள்

ஆம்பில் கெயின் (ஒலியைக் கரகரப்பாக்குவது) வேண்டாம், ரிவெர்ப் (எதிரொலி) வேண்டாம், டோன் எல்லாம் நடுவில். ஒரே கார்டை (chord, பல ஸ்வரங்களைச் சேர்த்து அடிப்பது) ஒரே பலத்தில் அடித்துக்கொண்டே சுவிட்சை மாற்றுங்கள். எது தூக்கலாகக் கேட்கிறதோ அந்தப் பிக்கப்பை இறக்குங்கள். கிட்டார் வால்யூம் நாபைக் குறைத்துச் சமன் செய்யாதீர்கள். அது ட்ரெபிளையும் கூடவே தின்றுவிடும். இரண்டு கிட்டாரை ஒப்பிட்டால் ஆம்ப் வால்யூமை மாற்றிக்கொள்ளலாம். போன் ரெக்கார்டரை இதற்கு நம்ப வேண்டாம். பல போன்கள் சத்தத்தைத் தாமே ஏற்றி இறக்கிவிடும். காதாலேயே செய்யுங்கள்.

படி 4: ரிதம் சோதனை

பாடுகிற ஆள் இல்லாமல் ரிதத்தைச் சோதிக்கவே கூடாது. தம்பியோ தங்கையோ யாராவது ஒரு பல்லவியைப் பாடட்டும், நீங்கள் கார்டு வாசியுங்கள், போன் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து ரெக்கார்டு செய்யட்டும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு முறை. பிறகு பெயரை மறைத்து, கலைத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு கேள்விதான்: பாட்டின் சொல் தெளிவாக விழுகிறதா? கார்டின் ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா, கூழாகிறதா?

மெல்லிசைக் குழுவில், தபேலாவோடு வாசிக்கும் ரிதத்துக்குச் சிங்கிள் காயிலில் நெக்கும் நடுவும் சேர்ந்த நிலைதான் என் தேர்வு. நடுப் பிக்கப் எதிராகச் சுற்றப்பட்ட கிட்டாராக இருந்தால் அந்த நிலையில் இரைச்சலும் அடங்கும். கெயின் ஏற்றி ராக் ரிதம் வாசிப்பவருக்கு இது உதவாது. அவருக்குப் பிரிட்ஜ் ஹம்பக்கர்தான், கெட்டியான பேஸ் அங்கேதான் இருக்கிறது.

படி 5: லீட் சோதனை

லீட் என்றால் மெட்டை ஒற்றை ஸ்வரங்களாக முன்னால் எடுத்து வாசிப்பது. இங்கே தனியாக வாசித்தால் மோசம் போவீர்கள். போனில் ஏதாவது ஒரு தாளத்தை ஓடவிட்டு அதன் மேல் வாசியுங்கள். மெல்லிய ஈ கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 15-க்கு ஒரு நீண்ட ஜாரு (விரலைச் சறுக்கி ஏற்றுவது). பிரிட்ஜ் சிங்கிள் காயிலில் அது ஊசி மாதிரி கூட்டத்தைக் கிழித்து வரும், ஆனால் மெலிந்திருக்கும். நெக் ஹம்பக்கரில் அதே ஜாரு தொண்டையிலிருந்து வருவதுபோல் இருக்கும். இறங்குகிற இடத்தில் மீட்டிய சத்தம் மறைந்து ஸ்வரம் மட்டும் நிற்கும். கமகம் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் நெக்கில் வாசியுங்கள். வேகமாக, கெயினோடு வாசிக்கும் லீட் நெக்கில் குழம்பினால் பிரிட்ஜ் ஹம்பக்கருக்குப் போங்கள்.

படி 6: இரைச்சல்

வாசிக்காமல் நின்று மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் குறைந்தால் அதைப் பிடிப்பது காயில். மேடையிலும் அந்தத் திசையில் நில்லுங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் உள்ளே ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை. புதுப் பிக்கப் வாங்கியும் தீராது. தொட்டால் ஷாக் அடித்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். ஜெனரேட்டர் மேடையில் எர்த் இருக்கிறதா என்று சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

இதற்குப் பிறகும் வாங்கத் தோன்றினால்

கடையில் "16 கே, செம ஹாட்" என்பார்கள். அது காயிலில் உள்ள செம்புக்கம்பியின் மின்தடை, 16 கிலோ ஓம். சாதாரண ஸ்ட்ராட் சிங்கிள் காயில் 6 கிலோ ஓம் பக்கம், பழைய பாணி ஹம்பக்கர் 7 முதல் 9 வரை இருக்கும். கம்பி மெலிந்தாலே எண் ஏறும், காந்தம் மாறினால் எண் மாறாமலே ஒலி மாறும். எண்ணைப் பார்த்து டோனைச் சொல்ல முடியாது. ஏசி அறையில் 25 டிகிரியில் 7 கே காட்டும் அதே பிக்கப், நம் சித்திரை மாதத்து 40 டிகிரியில் 7.4 காட்டும். செம்பின் குணம் அது, பிக்கப் அப்படியேதான் இருக்கிறது.

பிக்கப்பை மாற்றினால் வால்யூம் நாபுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரையும் (pot) பாருங்கள்: சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே. 250 கே பொட்டென்ஷியோமீட்டரோடு ஹம்பக்கரை மாட்டிவிட்டு மங்கலாக இருக்கிறது என்று பிக்கப்பைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. கழற்றிய பழைய பிக்கப்பை விற்றுவிடாமல், எந்த ஒயர் எங்கே இருந்தது என்று ஒரு போட்டோவோடு எடுத்து வையுங்கள்.